வியாழக்கிழமை வரை

போனில் என் குரல் நன்றாக இருக்கும். நேரில் பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். நீங்களும் ஏமாந்திருப்பீர்கள். மாநிலத் தலைநகர் லான்சிங்கிலிருந்து விசாரணைக்காக இவ்வளவு தூரம் காரோட்டி வந்து பார்த்தால், எதிரே உட்கார்ந்திருப்பது கம்பளிச் சட்டை போட்ட ஒரு தடித்த நர்ஸ். அந்த மெஷினை மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. என் குரல் ஏற்கெனவே பதிவானதால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

பெயர் டோரீன் கல்லியோ. இந்த மருத்துவமனையில்தான் பிறந்தேன், இங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். கடந்த சில வருடங்களாக எனக்கு ஒரே வேலை. இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்துக்கொண்டு வந்து படுப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களை டிஸ்சார்ஜ் செய்த பிறகு தினமும் காலையில் போன் செய்து விசாரிக்க வேண்டும். எடை ஏறியிருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எப்படி, உப்பைக் குறைத்தார்களா. எடை திடீரென்று ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம். நீர் மாத்திரையைக் கூட்ட டாக்டரிடம் சொல்வேன். அதற்கும் மசியவில்லை என்றால் வரச் சொல்வேன்.

இந்த வேலை உண்டானதே வாஷிங்டனில் போட்ட சட்டத்தால்தான். நல்ல சட்டம். அதைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. முதியவர்களை அரைகுறையாகத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வந்து படுத்தால் மறுபடியும் பணம் வாங்கிக்கொண்டிருந்த மருத்துவமனைகளுக்குக் கடிவாளம் போட நினைத்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் முப்பது நாளுக்குள் திரும்பி வந்து சேர்ந்தால் அது எங்கள் தப்பு. அப்படி வருகிறவர்கள் அதிகமானால் முதியோர் காப்பீட்டிலிருந்து எங்களுக்கு வருவதில் வெட்டு விழும். முப்பது நாள் கழித்து வந்தால் யாருக்கும் தப்பில்லை.

என்னை ஏன் இந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று கேட்டீர்கள். எங்கள் ஊர்க்காரர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டு உண்மையை வாங்குவது லேசில்லை. பாதிப் பேர் பின்லாந்திலிருந்து செம்புச் சுரங்கத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். முனகுவது இங்கே கேவலம். சிகாகோவிலிருந்து ஒரு நர்ஸ் வந்திருந்தாள். மரம் அறுக்கும் மெஷினால் காலைக் கிழித்துக்கொண்டு வந்த ஒருவரிடம், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். இரண்டு இருக்கும் என்றார். சொல்லிவிட்டு மயங்கி அவள் மேலேயே விழுந்தார்.

எனக்கு அந்த மொழி தெரியும். இங்கே ஒருவர் "மோசமில்ல" என்றால் அவருக்கு வலிக்கிறது. "கொஞ்சம் சுமார்தான்" என்றால் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். "இதைவிட நல்லா இருந்த நாளும் உண்டு" என்று ஒருவர் சொன்னால், ஆம்புலன்சுக்கும் பாதிரியாருக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும். என் அப்பா அந்த வாக்கியத்தை வாழ்க்கையில் ஒரே தடவைதான் சொன்னார்.

முதல் குளிர்காலம் நன்றாகப் போயிற்று. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு நீர் சேர்ந்தாலும் நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டேன். வீடு தேடிப் போகும் நர்ஸ் ஒருத்தி அப்போது இருந்தாள். நான் போனில் மோப்பம் பிடிப்பேன், அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போவாள். திரும்பி வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அப்படிக் குறைந்தது பித்தலாட்டத்தில் இல்லை, கவனிப்பில்.

ஆர்விட் ஹவுட்டாலா எனக்கு வந்தது அந்த வருடம்தான். மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என் கார் ஒருமுறை பனியில் பள்ளத்தில் இறங்கியபோது, ஒரு வார்த்தை பேசாமல் சங்கிலி போட்டு இழுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனவர். அவர் மனைவி பெர்னிஸும் நானும் சர்ச் பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். ஆர்விட்டை எனக்குப் பிடிக்கும். காலை போன்களில் அவருடையதைக் கடைசியில் வைத்துக்கொள்வேன், நிதானமாகப் பேசலாம் என்று.

"எடை என்ன, ஆர்விட்?"

"நேத்து இருந்ததுதான். ஒரு மூணு பவுண்டு கூட."

"அப்ப நேத்து இருந்தது இல்லையே."

"மெஷின் பொய் சொல்லுது."

"சர்ச்சுல பேஸ்டி வித்தாங்கன்னு கேள்விப்பட்டேன். எத்தனை உள்ள போச்சு?"

"ஒண்ணுதான்."

பின்னாலிருந்து பெர்னிஸின் குரல் வரும். "ஒண்ணாம்ல ஒண்ணு. மூணு தின்னாரு டோரீன். கெச்சப்பை வேற மேல கொட்டிக்கிட்டு."

"இந்த வீட்ல எனக்கு சாட்சி சொல்ல ஆளே இல்ல" என்பார் ஆர்விட்.

மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது பேஸ்டி. அதில் இருக்கிற உப்புக்கு ஒரு குதிரையே வீங்கிப்போகும். மாத்திரையைக் கூட்டினோம், இறங்கியது. பெர்னிஸ் அதற்குப் பிறகு உப்பில்லாமல் சுட்டுக் கொடுத்தாளாம். ஆர்விட் அதை நாய்க்குப் போட்டாராம், நாயும் தின்னவில்லையாம்.

அடுத்த வருடம் மருத்துவமனையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பிரென்டிஸ் என்று ஒரு நிர்வாகி வந்தார். கெட்டவர் இல்லை. அவரைப் பிடித்து உலுக்கலாம் என்று நினைத்தால் உங்களுக்குக் கையில் ஒன்றும் வராது. பெரிய நகரத்து மருத்துவமனையில் பத்துப் பேர் திரும்பி வந்தாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். எங்களிடம் இருப்பதே ஒரு கைப்பிடி நோயாளிகள், இரண்டு பேர் திரும்பினால் படகு கவிழ்ந்துவிடும். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சின்ன ஊரை நினைத்திருக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னார். அது உண்மைதான். வெட்டு விழுந்தது. வெட்டு விழுந்ததும் வீடு தேடிப் போகும் நர்ஸை நிறுத்தினார்கள். அவளை நிறுத்தியதும் இன்னும் சிலர் திரும்பி வந்தார்கள். அதனால் இன்னொரு வெட்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கடைசியில் மிஞ்சியது நானும் என் போனும்.

சில இடங்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவரை வார்டில் படுக்கவைத்துவிட்டு, சேர்க்கவில்லை, கவனிப்பில் மட்டும் வைத்திருக்கிறோம் என்று பெயரை மாற்றி எழுதுவார்கள். எங்களிடமும் கொஞ்ச நாள் செய்தார்கள். காப்பீடு கைவிரித்து நோயாளிகள் தலையில் பில் விழுந்தது, ஊர் கூடிக் கத்தியது, நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அது பொய். எனக்குப் பொய் வராது.

பிறகு பிரென்டிஸ் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு வெட்டு விழுந்தால் பிரசவ வார்டை மூடிவிடுவார்கள் என்றார். மேலிடத்து முடிவாம். அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். பக்கத்து ஊரில் ஏற்கெனவே மூடியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண் பிரசவத்துக்காகத் தூரத்து மார்க்வெட் நகரத்துக்குப் போகிற வழியில், ஏரிப் பக்கமிருந்து பனிக்காற்று அடித்து ரோடே தெரியாத ஒரு மத்தியானத்தில், காரிலேயே பெற்றாள். குழந்தை பிழைக்கவில்லை. என் மருமகள் பிராண்டி அப்போது ஐந்து மாதம். எனக்குப் பயமாக இருந்தது. நீங்களே சொல்லுங்கள், யாருக்குத்தான் இருக்காது?

முதலில் பொறுக்கச் சொன்னது மார்ஜ் என்கிற ஒரு அம்மாவை. அவருடைய முப்பது நாள் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. கால் வீக்கம், அவ்வளவுதான். பொறுத்தார், வந்தார், சரியாகிப் போனார். காட்டுப் பழத்தில் செய்த ஜாம் ஒரு ஜாடி கொண்டுவந்து கொடுத்து நன்றி சொன்னார். அந்த ஜாம் ரொம்ப நன்றாக இருந்தது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வராதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எந்தப் பதிவை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள், அந்த வார்த்தை இருக்காது. நான் சொன்னது இதுதான்: "தாராளமா வாங்க. எமர்ஜென்சியில இன்னைக்குக் கொஞ்சம் கூட்டம். உங்களைவிட முடியாதவங்க காத்துக்கிட்டிருக்காங்க. அதனால என்ன, வாங்க."

வேறு ஊரில் இதைச் சொன்னால் அடுத்த நிமிடம் வண்டியில் ஏறிக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் கிளம்ப மாட்டார்கள். இன்னொருவருடைய படுக்கையைத் தான் பிடித்துக்கொண்டதாக ஒரு பேச்சு வருவதைவிட, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நாள் மூச்சிரைப்பது அவர்களுக்குக் கௌரவம். அது எனக்குத் தெரியும் என்று முன்பே உங்களிடம் சொன்னேன். அந்த வேலைக்கு என்னை எடுத்ததே அதனால்தான்.

பதிவுகளையும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு போனுக்கும் பிறகு நோயாளி என்ன சொன்னார் என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன். நானாக ஒரு எழுத்துக்கூடச் சேர்த்ததில்லை. மோசமில்லை என்கிறார். மோசமில்லை என்கிறார். கொஞ்சம் சுமார் என்கிறார். இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்து அதைச் சரிபார்க்கும் டாக்டருக்கு அது நல்ல செய்தி. அவர் புளோரிடாக்காரர். அவருக்கு எங்கள் ஊர் மொழி தெரியாதது என் குற்றமா?

ஆர்விட் போன டிசம்பரில் மறுபடி வந்து படுத்தார். நன்றாகப் பார்த்து, நீரெல்லாம் இறக்கி, வீட்டுக்கு அனுப்பினோம். ஜனவரியில் குளிர் ஏறியது. முப்பதாவது நாள் ஒரு புதன்கிழமையில் விழுந்தது. அந்த வருடக் கணக்கில் எங்களுக்கு இடமே மிச்சமில்லை. இன்னும் ஒருவர் திரும்பி வந்தால் பிரென்டிஸ் சொன்ன கோட்டைத் தாண்டிவிடுவோம்.

அந்தத் திங்கட்கிழமை எடை கேட்டேன். ஏறியிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்றேன்.

"கொஞ்சம் சுமார்தான்" என்றார்.

கட்டிலில் படுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி. மாத்திரையைக் கூட்டச் சொன்னேன். எமர்ஜென்சியில் கூட்டம் என்றும் சொன்னேன். அன்று நிஜமாகவே கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல்.

செவ்வாய்க்கிழமை போனை எடுத்தது ஆர்விட்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"டோரீன். இதைவிட. நல்லா இருந்த நாளும். உண்டு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டிமேல் கிடந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பெர்னிஸ் போனை வாங்கினாள்.

"கூட்டிட்டு வந்துரட்டுமா? ராத்திரி பூரா ஒக்காந்தே இருந்தாரு."

"தாராளமா கூட்டிட்டு வா. ஆனா இன்னைக்கும் நெரிசல்தான், பெர்னிஸ். தாழ்வாரத்துலதான் ஒக்கார வைப்பாங்க. வியாழக்கிழமை காலையில வந்தா நானே வாசல்ல நிக்கிறேன். கையோட மேல கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவள் ஆர்விட்டிடம் கேட்டாள். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "வேற யாராவது. முடியாதவங்க. வரட்டும். டோரீன் சொன்னா. சரி."

அன்றைக்கு நெரிசல் இல்லை. மேலே நான்கு படுக்கை காலியாக இருந்தது. எனக்குப் பொய் வராது என்று சொன்னேன் அல்லவா, அந்த ஒரு தடவை வந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் அவர் சொன்னதை அப்படியே ஏற்றினேன்: இதைவிட நன்றாக இருந்த நாளும் உண்டு என்கிறார். புளோரிடா டாக்டர் அதன் அருகில் பச்சைக் குறி போட்டார்.

புதன்கிழமை அவர்கள் போனை எடுக்கவில்லை. பெர்னிஸ் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தாளாம், ஆர்விட்டால் நாற்காலியை விட்டு எழுந்து வர முடியவில்லையாம். அதனால் போனோடு இருக்கும், குரலைப் பதியும் பெட்டியில் பேசிவிட்டு வைத்தேன். அதைத்தான் அவர்கள் மகன் டேல் எடுத்துக்கொண்டுபோய் உங்களிடம் கொடுத்திருக்கிறான். நீங்கள் சற்றுமுன் போட்டுக் காட்டினீர்கள். "ஆர்விட், டோரீன் பேசறேன். நாளைக்குத்தான் வியாழன். இன்னும் ஒரே ஒரு நாள். உங்களால முடியும், எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு பெட் ஒதுக்கிவைக்கச் சொல்லிருக்கேன்னு பெர்னிஸ்கிட்ட சொல்லுங்க." கேட்கும்போது எனக்கே இதமாகத்தான் இருந்தது. டேலுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று புரியவில்லை. அவன் மினியாபோலிஸில் இருக்கிறான். அப்பாவுக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் போன் செய்வான். நான் தினமும் செய்தேன்.

வியாழக்கிழமை சொன்னபடியே வாசலில் நின்றேன். சக்கர நாற்காலி, சூடுபடுத்திய போர்வை, எல்லாம் தயார். காவலாளி என்னைப் பார்த்து, ஜனாதிபதி வருகிறாரா என்று கிண்டல் செய்தான். போர்வை ஆறியதும் உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தேன். அதுவும் ஆறியது.

ஆர்விட் காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டாராம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது தாடியோடு போகக் கூடாது என்பது அவர் பழக்கம். பெர்னிஸ் கோட்டு மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டு, கதவருகே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, லாரியைச் சூடேற்ற வெளியே போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது ஒரு காலில் பூட்ஸ் இருந்தது. இன்னொன்று கையில் இருந்தது.

அவர் திரும்பி வந்தவர்கள் கணக்கில் வரவில்லை. மருத்துவமனையில் இறந்தவர்கள் கணக்கிலும் வரவில்லை. கோடு தாண்டவில்லை. பிப்ரவரியில் என் பேத்தி அந்தப் பிரசவ வார்டில் பிறந்தாள். ஏழு பவுண்டு, நல்ல தலைமுடி. வெளியே ரோடு மூடிக் கிடந்தது. மார்க்வெட் வரை போகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

மே மாதம் வார்டை மூடிவிட்டார்கள். அதற்குக் காரணம் வேறு, வருடத்துக்குப் போதுமான பிரசவம் இல்லையாம். அதே மாதம், நோயாளிகள் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதில் சிறந்த சின்ன மருத்துவமனை என்று ஒரு கண்ணாடிக் கேடயம் வந்தது. வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள், வரும்போது பார்த்திருப்பீர்கள். மேடையில் ஏறி அதை வாங்கச் சொன்னது என்னைத்தான். பிரென்டிஸ் நன்றாகப் பேசினார்.

நீங்கள் ஆர்விட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். அவருக்கு முன்னால் இப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர், பின்னால் ஒருவர். வால்டர் சிமோனென், பெற்றி ரூசோ, வசந்தத்தில் லாய்ட் ஹெய்க்கினென். அவர்கள் வீட்டில் குரலைப் பதியும் பெட்டி இல்லை. குழப்பத்தில் செய்தேன் என்று யாராவது எனக்காகப் பேச வந்தால் நம்பாதீர்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. இந்த மருத்துவமனையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஆனாலும் எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் எழுதாத சட்டம், நான் போடாத கோடு.

பெர்னிஸ் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை, அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். துக்கத்துக்குப் போனபோது ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி கொண்டுபோயிருந்தேன். அவள் அதை வெட்டி, எனக்குத்தான் முதல் துண்டு வைத்தாள். "தினம் விசாரிச்சது நீ ஒருத்திதான் டோரீன்" என்றாள். அன்று வண்டியில் உட்கார்ந்து அழுதேன். மற்றபடி அழுததில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் அவளுக்கும் இதயம் தளர்ந்துவிட்டது. தனியாக இருக்கிறவள் உப்பையா பார்ப்பாள்? போன மாதம் இங்கே படுத்திருந்து வீட்டுக்குப் போனாள், இந்த வெள்ளிக்கிழமையோடு முப்பது நாள். வேறு யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை, டேல் செய்தாலும்கூட. என் குரல் கேட்டால்தான் பேசுவாள். இன்று நீங்கள் வந்துவிட்டதால் நான் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. இந்நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் ஒரு நிமிடம் பேசிவிட்டு வருகிறேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், இனி எங்கே ஓடப்போகிறேன். நேற்று எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, இதைவிட நல்லா இருந்த நாளும் உண்டு என்றாள். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அன்று வாசலில் நானே நிற்பேன்.